வலை வரும்வரை காத்திருத்தல்

மனைப்பொறி விளக்கம்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் தஞ்சைப் பக்கம் சென்று ஒரு திங்கள் தங்கி வந்த அன்பர் ஒருவர், நாகபுரியிலிருந்து நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவர் இல்லத்தில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி ஒன்று இரவும் பகலும் இயங்கி வருகின்றது. வீட்டார் தத்தம் கைப்பேசிகளில் எடுக்கும் நிழற்படங்கள், அவர்கள் எங்கிருப்பினும், இணையத்தின் வழியே வீட்டிலுள்ள ஒரு சேமிப்புப் பெட்டியை வந்தடைகின்றன. அப்பெட்டியில் உள்ளவற்றை நாள்தோறும் இரவு 2 மணிக்குப் படியெடுத்துத் தன்னுடன் பிணைத்த வேறொரு வட்டில் வைப்பது அச்சிறு பொறியின் பணி.

ஊரிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் புறப்பட்ட ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு படமேனும் படியெடுக்கப்படவில்லை. அன்று பிற்பகல் மின்சாரம் நின்று மீண்டதாக அண்டை வீட்டார் கூறினர். பொறி இயங்கிக்கொண்டுதான் இருந்தது, பெட்டியும் இயங்கியது, இணையமும் இருந்தது. பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடக்கியதும் யாவும் சரியாயின. "குறை எங்கே உள்ளது? அடுத்த ஆண்டும் இவ்வாறு நேராதிருக்கச் செய்யத்தக்கது யாது?" என்று அவர் கேட்கின்றார்.

ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இவ்வினா பெரிதும் பயன்படுவது. ஆண்டுக்கொருமுறை வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று நான்கு வாரங்கள் ஊர் சென்று வருவோர் நம்மிற் பலர். அந்நாட்களில் வீட்டிலுள்ள பொறிகள் மின்சாரம் நின்றால் தாமே ஓய்ந்து, மீண்டால் தாமே எழுதல் வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு அங்கே ஆளில்லை. வட்டில் உள்ளவையோ, பாட்டியாரின் குரலும், பேரக் குழந்தையின் முதல் நடையும், ஊர்த் திருவிழாவின் படங்களும் ஆகும். அவற்றை மீண்டும் எடுத்தல் இயலாது.

மூன்று பொறிகளின் ஓட்டம்

மின்சாரம் மீண்ட அந்தக் கணத்தில், வீட்டிலுள்ள பொறிகள் யாவும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகின்றன. சிறு கணிப்பொறி ஏறத்தாழ அரை நிமிடத்தில் எழுந்து நிற்கும். கண்ணாடி இழைக் கம்பியின் முனையிலுள்ள மோடம், தன் நிறுவனத்துடன் தொடர்பு பெறுதற்கும், அதனையடுத்த ரவுட்டர் வைஃபை அலையைப் பரப்புதற்கும் இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். சுழலும் வட்டுகளையுடைய சேமிப்புப் பெட்டிக்கு அதனினும் மிகுதியான நேரம் தேவைப்படுதலும் உண்டு.

ஆகவே கணிப்பொறி எழுந்து, "பெட்டி எங்கே?" என்று தேடும்போது பெட்டியும் இல்லை, அதற்குச் செல்லும் வழியும் இல்லை. ஒருமுறை முயன்று, தோல்வியுற்று, அச்செய்தியைத் தன் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் பொறி மற்றப் பணிகளைப் பார்க்கப் போய்விடுகின்றது. மூன்று நிமிடங்கள் கழித்து வலையும் பெட்டியும் வந்தபோது, மறுமுறை முயலுமாறு பொறிக்கு எவரும் பணிக்கவில்லை. எனவே அஃது எஞ்சிய நாட்கள் முழுதும் வாளா இருந்தது.

அன்பர் திரும்பிவந்து கணிப்பொறியை மட்டும் நிறுத்தித் தொடக்கியபோது, ரவுட்டரும் பெட்டியும் முன்னரே விழித்திருந்தன. ஆதலின் முதல் முயற்சியே வெற்றி பெற்றது. இக்குறையை அறிதற்குரிய அடையாளம் இதுவே. மின்சாரம் நின்று மீண்டால் தோன்றி, கையால் மறுதொடக்கம் செய்தால் மறையும் குறை எதுவாயினும், பொறிகள் எழும் வரிசையை முதலில் ஐயுறுக. வட்டையோ கம்பியையோ மாற்றிப் பணம் செலவிட வேண்டுவதில்லை.

பொறி காத்திராமைக்குக் காரணம்

முற்காலத்துக் கணிப்பொறிகள் காத்திருந்தன. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், தொடக்கப் பணிகளுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. வலையை அமைக்கும் பணி முன்னும், வலையை நாடும் பணிகள் பின்னுமாக, ஒன்று முடிந்தபின் ஒன்று நிகழும். பந்தியில் வரிசையாகப் பரிமாறுவது போன்ற முறை அது. தாமதம் மிகுதி, ஆயினும் குழப்பம் குறைவு.

பின்னர் மக்கள் விரைவை விரும்பினர். விண்டோஸ் 2000 வலைக்காகக் காத்திருந்து, அலுவலகத்தின் விதிகளைப் பெற்ற பின்னரே பயனரை உள்ளே விடும். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி அவ்வழக்கத்தை மாற்றிற்று. வலை வருமுன்னரே பயனரை உள்ளே விட்டு, விதிகளைப் பின்னணியிற் பெறத் தொடங்கிற்று. லினக்ஸ் உலகில் 2010-இல் தோன்றிய சிஸ்டம்டி என்னும் தொடக்க மேலாளர், ஒன்றையொன்று சாராத பணிகளை ஒரே நேரத்தில் தொடக்கும் இயல்பினது. 2011-இல் வெளிவந்த ஃபெடோரா 15 அதனை ஏற்றது. பின்னர்ப் பெரும்பாலான லினக்ஸ் வகைகளும் ஏற்றன. சுழலும் வட்டுக்கு மாற்றாக எஸ்எஸ்டி என்னும் அசையா வட்டும் வந்தபின், நிமிடக் கணக்கிலிருந்த தொடக்கம் விநாடிக் கணக்கிற்குச் சுருங்கிற்று. ரவுட்டரும் மோடமும் மட்டும் அவ்வாறு விரையவில்லை. முன்னர்க் கணிப்பொறி எழுவதற்குள் வலை வந்துவிடும். இன்று கணிப்பொறி முந்திக்கொள்கின்றது. குறையின் வேர் இதுவே.

வலை வந்தது என்பது யாது?

"வலைக்காகக் காத்திரு" என்று பொறிக்குக் கட்டளையிடுவது எளிது. வலை வந்தது என்பதற்குப் பல படிகள் உள்ளன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

முதற்படி, கம்பியிலோ வைஃபை அலையிலோ தொடர்பு ஏற்படுதல். இரண்டாம் படி, பொறிக்கு ஒரு முகவரி கிடைத்தல். இம்முகவரியை ரவுட்டர் வழங்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். "முகவரி தருவார் உளரோ?" என்று பொறி கேட்கும், "இதனைக் கொள்க" என்று ரவுட்டர் கூறும், "அதனையே வேண்டுகின்றேன்" என்று பொறி விடையளிக்கும், "தந்தேன்" என்று ரவுட்டர் உறுதி செய்யும். இந்நான்கு செய்திகளும் முடிந்தால்தான் முகவரி கிட்டும். ரவுட்டர் இன்னும் எழவில்லையாயின், விண்டோஸ் பொறி 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும். அவ்வெண்ணைக் கண்டால், பொறி ரவுட்டரைக் காணவில்லை என்று அறிக.

மூன்றாம் படி, தளப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பணி கிடைத்தல். நான்காம் படி, வெளியுலகை உண்மையாகவே எட்டுதல். விண்டோஸ் இதனைச் சோதிப்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து ஒரு சிறு எழுத்துக் கோப்பைப் பெற முயலும். பெற இயலாவிடில் "இணையம் இல்லை" என்று காட்டும்.

ஐந்தாம் படி பலரும் எண்ணாதது, அது நேரம். ராஸ்பெரி பை 4 வரையிலான பொறிகளில், மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் இல்லை. 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இல் கடிகாரம் உண்டு. அதற்குரிய மின்கலத்தைத் தனியே பொருத்துதல் வேண்டும். கடிகாரமற்ற பொறி, வலையிலிருந்து நேரம் பெறும்வரை, தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தையே இன்றைய நேரமாகக் கொண்டிருக்கும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பொறியின் நாள் மிகவும் பிந்தியிருப்பின், நல்ல சான்றிதழையும் "இன்னும் நடைமுறைக்கு வரவில்லை" என்று அது தள்ளிவிடும். வலை இருந்தும் பணி நடவாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிகளுள் நும் பணிக்கு எது தேவை என்று துணிக. வீட்டினுள்ளேயே உள்ள பெட்டியை அடைவதற்கு இரண்டாம் படியும், பெட்டி விழித்திருத்தலும் போதும். வெளி இணையம் வேண்டுவதில்லை. வெளித் தளத்திற்குப் படங்களை அனுப்புவதாயின் ஐந்து படிகளும் வேண்டும்.

லினக்ஸ் பொறிகளில் செய்வது

சிஸ்டம்டி மேலாளரில் ஒத்த பெயருடைய இரண்டு மைல்கற்கள் உள்ளன. "நெட்வொர்க் டார்கெட்" என்பது வலையை ஆளும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதை மட்டும் குறிக்கும். முகவரி கிடைத்தது என்று பொருள்படாது. "நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்" என்பதே வலை அமைந்துவிட்டதைக் குறிப்பது. பணியின் குறிப்பில் முன்னதை எழுதிவிட்டுக் காத்திருப்பு நிகழவில்லையே என்று வருந்துவோர் பலர். பின்னதை "ஆஃப்டர்" என்ற வரியிலும் "வான்ட்ஸ்" என்ற வரியிலும் ஆக இரண்டிலும் எழுதுதல் வேண்டும். முதல் வரி வரிசையைக் கூறும். இரண்டாம் வரி அம்மைல்கல்லைத் தொடக்கத்தில் இடம்பெறச் செய்யும். ராஸ்பெரி பையின் பல பதிப்புகளில், ராஸ்பி கான்ஃபிக் என்னும் அமைப்பு நிரலில் "நெட்வொர்க் அட் பூட்" என்ற தெரிவு இதனைச் செய்து தரும்.

ஆயினும் இக்காத்திருப்புக்கு எல்லை உண்டு. நெட்வொர்க் மேனேஜர் என்னும் மென்பொருளின் காத்திருப்புப் பணி, இன்றைய பதிப்புகளில் இயல்பாக 60 விநாடிகள் வரையும், சிஸ்டம்டி நெட்வொர்க்டி மென்பொருளின் பணி 120 விநாடிகள் வரையும் காத்திருக்கும். நும் ரவுட்டர் எழுவதற்கு மூன்று நிமிடங்கள் ஆகுமெனின், இவ்விரண்டும் போதா. எல்லையை 300 விநாடிகளாக உயர்த்தலாம். அவ்வாறு செய்தால், ரவுட்டர் பழுதுற்ற நாளில் வலையை எதிர்நோக்கும் பணிகள் யாவும் ஐந்து நிமிடம் தேங்கி நிற்கும். பொறியே எழவில்லையோ என்று வீட்டார் அஞ்சுவர். எல்லையற்ற காத்திருப்போ, வலை அற்ற நாளில் அப்பணிகளை முற்றும் முடக்கிவிடும்.

ஆதலின் சிறந்த வழி, பொறி முழுதையும் நிறுத்தி வைக்காமல், வலை வேண்டும் பணியை மட்டும் காத்திருக்கச் செய்வது. நாகபுரி அன்பர்க்கு நாம் கூறுவது இதுவே. பெட்டியை இணைக்கும் விவரம் எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் ஒரு வரியாக இருக்கும். அவ்வரியின் தெரிவுகளில் மூன்றைச் சேர்த்தல் வேண்டும். அடிக்கோட்டுடன் தொடங்கும் "_நெட்டெவ்" என்பது, இது வலைவழிச் சேமிப்பு என்று பொறிக்கு உணர்த்தும். "நோஃபெயில்" என்பது, இணைப்பு தோல்வியுற்றாலும் தொடக்கம் தடைப்படாமற் காக்கும். "எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்" என்பது, தொடக்கத்தில் இணையாமல், அவ்வறையை எவரேனும் திறக்க முற்படும்போது இணைக்கச் செய்யும். இவற்றை அவ்வக் கையேட்டிலுள்ளவாறு ஆங்கில எழுத்தில் எழுதுதல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், பிற்பகல் மின்சாரம் மீண்டபோது வலை இல்லாமை ஒரு பொருட்டாகாது. இரவு 2 மணிக்குப் படியெடுக்கும் நிரல் அறையைத் திறக்கும், அப்போதுதான் பொறி பெட்டியை நாடும், பெட்டியும் அங்கிருக்கும்.

இடைவிடாது இயங்க வேண்டிய பணிகளாயின், அவற்றின் குறிப்பில் "ரீஸ்டார்ட்" என்பதற்கு "ஆன்-ஃபெயிலியர்" என்றும், "ரீஸ்டார்ட்செக்" என்பதற்கு 30 என்றும் எழுதுக. பணி தோல்வியுற்றால் 30 விநாடிக்கு ஒருமுறை மீண்டும் முயலும். தொடக்கத்தில் மட்டுமன்றி, நள்ளிரவில் வலை அறுந்து மீண்டாலும் இவ்வமைப்பு உதவும் என்பது இதன் தனிச் சிறப்பு.

விண்டோஸ் பொறிகளில் செய்வது

அலுவலக வலையுடன் பிணைந்த விண்டோஸ் பொறிகளுக்கு, குரூப் பாலிசியில் "ஆல்வேஸ் வெயிட் ஃபார் த நெட்வொர்க் அட் கம்ப்யூட்டர் ஸ்டார்ட்டப் அண்ட் லாகான்" என்ற விதி உண்டு. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்ற வரிசையில் அதனைக் காணலாம். அதனை இயக்கினால், எக்ஸ்பிக்கு முந்தைய பழைய காத்திருப்பு மீளும். அலுவலக மடிக்கணிப்பொறியை வீட்டில் வைத்துப் பணிபுரிவோர் இதனைத் தாமே மாற்றாமல், தத்தம் அலுவலகத்தின் பொறியாளரைக் கேட்பதே முறை. வீட்டுக்குரிய விண்டோஸ் ஹோம் பதிப்பில் இவ்விதியைத் திருத்தும் கருவியே இல்லை. வீட்டுப் பணிகளுக்கு அது தேவையும் இல்லை.

வீட்டில் உள்ளோர்க்கு டாஸ்க் ஷெடியூலர் போதும். அஃது எல்லாப் பதிப்புகளிலும் உள்ளது. தொடக்கத்தில் இயங்கும் பணியைத் திறந்து, "ட்ரிகர்ஸ்" பக்கத்தில் தாமத நேரம் குறிக்கலாம். "கண்டிஷன்ஸ்" பக்கத்தில், வலை கிடைத்தால் மட்டும் தொடங்குக என்ற கட்டத்தைக் குறியிடலாம். "செட்டிங்ஸ்" பக்கத்தில், தோல்வியுற்றால் இத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை, இத்தனை தடவை முயல்க என்று வரையறுக்கலாம். இம்மூன்றனுள் கடைசியானதே தலைசிறந்தது. தாமதம் என்பது வெறும் மதிப்பீடு. நான்கு நிமிடம் என்று நாம் குறித்தால், என்றோ ஒரு நாள் மோடம் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். மறுமுயற்சிக்கு அக்குறை இல்லை. பின்னணிப் பணிகளாகிய சர்வீஸ்களுக்கு "ஆட்டோமேடிக் டிலேய்டு ஸ்டார்ட்" என்ற வகையும் உண்டு; அதுவும் ஏறத்தாழ இரண்டு நிமிடத் தாமதமே.

வெற்றறையின் தீங்கு

நாகபுரி அன்பரின் படிகள் நின்றுபோயினவே அன்றி அழிந்தொழியவில்லை. அது நற்பேறு. அதனினும் கொடிய விளைவொன்று நேரக்கூடும்.

லினக்ஸ் பொறியில், வலைவழிப் பெட்டியானது ஒரு வெற்று அறையின் மேல் பொருத்தப்படுகின்றது. பெட்டி இணைந்திருந்தால் அவ்வறையில் படங்கள் தோன்றும்; இணையாவிடில் அறை இருக்கும், ஆனால் வெறுமையாக இருக்கும். படியெடுக்கும் நிரலுக்கு இவ்வேறுபாடு தெரியாது. ஆர்சிங்க் போன்ற நிரல்களில், மூலத்தில் நீக்கப்பட்டவற்றைப் படியிலும் நீக்குக என்னும் "டிலீட்" தெரிவு உண்டு. அதனை இயக்கியிருப்போர் வீட்டில், மின்சாரம் மீண்ட அன்றிரவு நிரல் வெற்றறையைக் காணும்; "வீட்டார் எல்லாப் படங்களையும் நீக்கிவிட்டனர் போலும்" என்று கொள்ளும்; படியிலுள்ள அனைத்தையும் துடைத்துவிடும். காப்பதற்கு வைத்த பொறியே அழித்தற்குக் கருவியாகும். எவ்வகைப் பிழைச் செய்தியும் வாராது. ஏனெனில், நிரல் தனக்கிட்ட கட்டளையைச் செவ்வனே முடித்தது.

இதனைத் தடுப்பது எளிது. பெட்டியின் உள்ளே சிறு கோப்பு ஒன்றை இட்டு, அதற்கு ஒரு பெயர் வைக்க. படியெடுக்கும் நிரல், பணி தொடங்குமுன் அக்கோப்பு கண்ணிற் படுகின்றதா என்று பார்க்கட்டும். காணாவிடில் ஒன்றும் செய்யாமல் நின்று, கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு செய்தி அனுப்பட்டும். படி சேரும் வட்டிலும் இதுபோன்று ஓர் அடையாளக் கோப்பு இருத்தல் நலம். பதறாத காரியம் சிதறாது என்பது பொறிக்கும் பொருந்தும்.

புறப்படுமுன் ஒரு சோதனை

ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கிய அன்றே இச்சோதனையைச் செய்து பார்க்க. ஓடும் வட்டுகளுக்குத் திடீரென மின்சாரத்தை நிறுத்துதல் தீங்காதலின், வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டா. மோடத்தையும் ரவுட்டரையும் மட்டும் அணைத்துவிடுக. கணிப்பொறிக்கு மறுதொடக்கக் கட்டளை தந்து, அதே நேரத்தில் அவ்விரண்டுக்கும் மின்சாரம் தருக. பின் பத்து நிமிடங்கள் எதனையும் தொடாதிருக்க. அதன்பின் பணியைத் தொடக்கிப் பார்த்து, புதிய படம் ஒன்று படியெடுக்கப்படுகின்றதா என்று காண்க.

இரண்டாம் முறை, ரவுட்டரை அணைத்த நிலையிலேயே கணிப்பொறியைத் தொடக்குக. பொறி தடையின்றி எழுதல் வேண்டும். கால் மணி கழித்து ரவுட்டரை இயக்கினால், நும் கை படாமலே பணி மீளவும் வேண்டும். இவ்விரு சோதனைகளிலும் தேறிய பொறியை நம்பி வீட்டைப் பூட்டலாம். மின்சாரம் மீண்டால் தானே எழும் தெரிவு சேமிப்புப் பெட்டியில் இயக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க. பல பெட்டிகளில் அத்தெரிவு உண்டு. ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய மின்கலக் கருவி, குறுகிய மின்தடையைத் தாங்கும். நீண்ட தடைக்கு மேற்கூறிய அமைப்புகளே துணை.

ஊரில் இருக்கும்போது, வாரம் ஒருமுறை "படி நிகழ்ந்தது" என்னும் செய்தி நும் கைப்பேசிக்கு வருமாறும் செய்து வைக்க. தோல்விச் செய்தியை மட்டும் நம்புதல் போதாது. வலையே அற்ற பொறி அதனை அனுப்ப மாட்டாது. வர வேண்டிய செய்தி வாராவிடில், அதுவே அறிவிப்பு. அண்டை வீட்டார் எவரிடமேனும் ஒரு திறவுகோலைத் தந்து செல்வதும் நன்று.

அடுத்த திங்கள், பழைய ஒலிநாடாக்களில் உள்ள முதியோர் குரல்களைக் கணிப்பொறிக்கு மாற்றும் முறை பற்றிக் காண்போம்.